தீராத வயிற்று வலி

ரங்காத்தாள் அக்காவை ஒரு நாள் வண்டியில் ஏற்றிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. சிக்னலில் நின்றால்கூட அவருக்குப் பொறுக்காது. பின்னால் இருந்து என் தோளைத் தட்டுவார். "ஏங்கண்ணு ரோஸு, அந்தச் சந்துல பூந்து போயிரலாமே?" எந்தச் சந்திலும் பாதியில் ஒரு லாரி நிற்கும். "அக்கா, கொஞ்சம் வாய மூடிட்டு வாங்க" என்பேன். மூட மாட்டார்.

பல வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நின்றவர். தைத்து வரும் பீஸை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்க்கிற வேலை. முழங்கால் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தார். எங்கள் வேலையைச் சொன்னால் ஜனங்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். பிரேதப் பரிசோதனை செய்கிற துறையில் டாக்டர் கிருத்திகா ஓர் ஆய்வு நடத்துகிறார். இந்தப் பனியன் ஊரில் ஏன் இத்தனை பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்? எப்படி என்று நாங்கள் கேட்பதில்லை. ஏன் என்று கேட்கத்தான் வீடு வீடாகப் போகிறோம். அதற்கு மனசு கல்லாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை, அக்காவுக்குச் சுத்தமாக இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்ததும், "இதெல்லாம் ஒரு பொழப்பா!" என்று திட்டுவார். மறுநாள் எனக்கு முன்னால் வந்து நிற்பார்.

ஒரு சொல்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது: வயிற்று வலி. போலீஸ் எழுதும்போது 'தீராத வயிற்று வலியால் வாழ்க்கையில் வெறுப்புற்று' என்று எழுதிவிடுவார்கள். காதல் தகராறா, வயிற்று வலி. புருஷன் அடித்தானா, வயிற்று வலி. சூப்பர்வைசர் கையைப் பிடித்தானா, அதுவும் வயிற்று வலிதான். கேஸ் வளராது, பெண்ணின் பெயரும் கெடாது, எல்லாருக்கும் வசதி. அக்காவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்படித்தான் வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டுக்குப் போனோம். கருத்தம்மா என்பவருடைய வீடு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு பிழைக்க வந்தவர். மூத்தவள் மாரிச்செல்வி போன வருஷம் உயிரை மாய்த்துக்கொண்டவள். இளையவள் ஆஷா சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தாள்.

"என்ன காரணமுங்க அம்மணி?" என்று அக்கா கேட்டார்.

"வயித்து வலிதான்."

பொறுமை போய் அக்காவின் கால் ஆட ஆரம்பித்தது. "அதையேதான் எல்லாருஞ் சொல்றாங்க. நாங்க போலீசு இல்லீங்க, உள்ளதச் சொல்லுங்க. பொண்ணு யாரையாச்சும் விரும்புச்சுங்களா?"

கருத்தம்மா விருட்டென்று எழுந்தார்.

"ஏம்மா, ஒங்களுக்குக் காது கேக்காதா? எம்பிள்ளைக்கு வயித்து வலி! மாசாமாசம் துடிப்பா. கம்பெனில லீவு கேட்டா ஒரு மாத்திரையக் குடுத்து மிஷின்லயே ஒக்கார வச்சிருவாவ. நானுந்தான், பொம்பளைன்னா பொறுத்துக்கிடணும்டீன்னு சொன்னேன். போலீசு கேட்டப்ப வயித்து வலின்னேன். எப்பவும் எழுதுததுதானேன்னு அவியளும் எழுதிக்கிட்டாவ. தெருவுல என்னடான்னா, எவங்கூடயோ பழகுனான்னு பேசுதாவ. அவிய எழுதுனதும் வயித்து வலிதான், நான் சொல்லுததும் வயித்து வலிதான். அவியளுக்கு அது ஒப்புக்கு, எனக்கு நெசம்!"

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தெரு கேட்டதைத்தானே நாங்களும் கேட்டோம்? அப்புறம்தான் அக்காவின் பார்வை ஆஷா மேல் போனது.

"சின்னவ ஏனுங்க படுத்திருக்கறா?"

கருத்தம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அவளுக்கும் அதான். வெளிய சொல்லாதம்மான்னு சொல்லுதா. வயித்து வலின்னா, இவளுக்கும் ஆளு யாருன்னுல்ல கேப்பாவ?"

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஆஷாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "கண்ணு, உங்கக்கா மாதிரி உனக்கும் போயிரலாம்னு தோணுதா?"

ஆஷா திரும்பவில்லை. "வலிக்கும்போது தோணும்" என்றாள்.

கருத்தம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எந்திரி கண்ணு. ரோஸு, ஆட்டோவப் புடி!"

"நாளைக்குக் கம்பெனில ஷிப்மெண்ட் இருக்கு" என்றாள் அந்தப் பெண். வந்ததே கோபம் அக்காவுக்கு. "ஷிப்மெண்டு கெடக்குது கழுத! நீ எந்திரி!"

ஆஸ்பத்திரியில் அக்கா ஒரு நிமிஷம் உட்காரவில்லை. சீட்டு வாங்கும் இடத்துக்கும் ஸ்கேன் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு பெண் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சினைப்பையில் கட்டி என்றார். மருந்து கொடுத்துப் பார்க்கலாம், கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன், வலி அடங்கும். வலிக்கும்போது ஆஷாவுக்குத் தோன்றுவதை அக்கா சொன்னதும், மனநல டாக்டரையும் இன்றே பார்க்க வேண்டும், பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று சொன்னார். தன் வலியை ஒருத்தர் நம்பிவிட்டார் என்றதும் ஆஷா ஓவென்று அழுதாள்.

"பாத்தீங்களா அம்மணி, சரியாயிருமாமுங்க!" அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கருத்தம்மா சிரிக்கவில்லை. "டாக்டரம்மா, மூத்தவளுக்கும் இதுதான் இருந்திருக்குமோ? இங்க கூட்டிட்டு வந்திருந்தா சரியாயிருக்குமோ?"

"அதை இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். வேறு என்ன சொல்வார்?

கருத்தம்மா மகளின் வயிற்றில் கையை வைத்தார். "பொறுத்துக்கிடாத, தாயி. வலிச்சாக் கத்து. ஊரு என்னமும் சொல்லிட்டுப் போவுது, நீ கத்து."