பெர்கொலேட்டருக்குள் யாரோ இருந்தார்கள்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் கரண்ட் காபி பெர்கொலேட்டர் வாங்கினோம். கொதிக்கும்போது உள்ளே யாரோ முனகுவதுபோல் சத்தம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த நாத்தனார் அதைத் தொட்டதும் வெளிறிப்போனாள்.

"மதினி, இதுக்குள்ள யாரோ இருக்காக. என் கையப் பிடிக்காக!"

நானும் தொட்டேன்; ஒன்றுமில்லை. சிரித்தேன்.

மறுநாள் சமையலறையைக் கழுவிவிட்டு, பித்தவெடிப்புக்காக எப்போதும் போடும் ரப்பர் செருப்பில்லாமல், ஈரத்தரையில் நின்று தொட்டேன். என் கையையும் பிடித்தது. உதறியும் விடவில்லை. நல்லவேளையாகக் கரண்ட் போனது, கை விடுபட்டது.

சுவரில் இரண்டு துளைதான் என்று கசியும் கரண்டைத் தரைக்கு அனுப்பும் எர்த் வயரை வெட்டி பிளக் மாட்டியவள் நானே. இப்போது எர்த் இழுத்து, மூன்று பின் பிளக் போட்டாயிற்று. அதைப் பிடுங்கிய பிறகே பாத்திரத்தைத் தொடுகிறேன். யாராவது "கையப் பிடிக்கு" என்றால் சிரிப்பதில்லை. ஓடிப்போய் மெயினை அணைக்கிறேன்.