துண்டுக்குள் பிடித்த விலை

இந்த நிலத்தை விலை ஏறிக் கிடந்த காலத்தில் நான் வாங்கினேன். ஏமாந்து வாங்கினாள் என்று இன்னமும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். சொல்லுகிறவர்கள் யாரும் இதில் ஒரு காசு போட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல அது போதும்.

அப்போது நாங்கள் மலாயாவில் செனாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்குக் கட்டின வரிசை வீட்டில், இருந்தோம். எனக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் பால்வெட்டு வேலை. பக்கத்துப் பக்கத்து நிரையில் பன்னிரண்டு வருஷம் மரம் வெட்டினோம். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டது, ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை. பாதி மரம் வெட்டுவதற்குள் வேரில் உட்கார்ந்துவிடுவார். என் நிரையை ஓட்டமாக முடித்துவிட்டு அவர் மீதியையும் நான் வெட்டுவேன். அப்படி மூன்று மாதம் ஒளித்தோம். கங்காணி கண்ணுக்கு எத்தனை நாள் ஒளிக்க முடியும்? ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், எல்லாரும் பேர் கொடுக்க நிற்கும்போது, சத்தமாகவே சொன்னார்.

"முடியலன்னா சொல்லிப்புடுங்கப்பா. தொரை எழுதிக் குடுத்தா கப்பல் செலவு ஒங்களுக்கு இல்ல. ஊரோட போய்ச் சேரலாம்."

நல்லதாக நினைத்துத்தான் சொன்னாரோ என்னவோ. எனக்கு உள்ளங்கால் சுட்டது. வேலை இருக்கும்வரை லயம். வேலை நின்றால் லயமும் இல்லை, கப்பல்தான். ஊருக்குப் போய் என்ன செய்ய? அங்கே எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற தெரு இருக்கிறது. அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகவா நான் கடல் தாண்டி வந்தேன்? வேலையிலிருந்து நிறுத்துவதற்கு முன்னால் இந்தச் சீமையிலேயே ஒரு துண்டு நிலம் எங்கள் பேருக்கு ஆகவேண்டும், யாரும் எழுப்பிவிடாத ஒரு குடிசை வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டேன். ஊரிலிருந்த என் கொழுந்தன் யாரையோ பிடித்துக் கடுதாசி எழுதினான். அயல்சீமையில் மண் வாங்கினால் அது தங்காது, பணத்தை அனுப்பு, நான் இங்கே வாங்கிப் போடுகிறேன் என்று. அந்தக் கடுதாசியை அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன்.

நிலம் காட்ட வந்தவர் ஒரு தரகர். அதற்கு முன் தோட்டம் தோட்டமாகப் போய் மாட்டுத் தரகு பார்த்தவர். ரப்பர் விலை ஏற ஏற, மாட்டை விட்டுவிட்டு நிலத்துக்கு வந்துவிட்டார். எப்போதும் சலவைத் துண்டு, வாயில் வெற்றிலை, எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிடுவார். எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை, நான் தங்கச்சி. ரோட்டிலிருந்து கால் மைல் உள்ளே, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு நிலத்தைக் காட்டினார். வெட்டுகிற பருவத்தில் ரப்பர் மரம், நல்ல தண்ணீர்க் கிணறு, அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு குடிசை. நிலம் யாருடையது என்று கேட்டேன். பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் ஊரில், இருக்கிற ஆள் என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் சொல்லுவார்கள். பிடித்த விரல்தான் விலை. வெளியில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். தரகர் நிலத்துக்கும் அதையே கொண்டுவந்தார். ரோட்டோரத்துச் சீனன் காப்பிக் கடையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்காரர் கைமேல் துண்டைப் போட்டுப் பிடித்தார். நான் கடைக்கு வெளியே நின்றேன். பெண்பிள்ளைகள் அந்தக் கடைக்குள் போய் உட்காருவதில்லை. துண்டுக்குள் கை கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து முந்நூறு வெள்ளி என்றார். சேர்த்து வைத்ததோடு என் அட்டியலையும் விற்றால் எட்டுகிற விலைதான். அஞ்சு வெள்ளி அச்சாரமும் வெற்றிலையும் கொடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் துண்டு. ரப்பர் ஏறிவிட்டதாம், முந்நூற்று நாற்பது. அதற்கடுத்த ஞாயிறு, சிங்கப்பூரிலிருந்து ஒரு தவுக்கே, சீன முதலாளி, வந்து பார்த்துவிட்டுப் போனாராம், நானூறு. ஒவ்வொரு தடவையும் இவர் கை உள்ளே போகும். வெளியே வரும்போது முகம் இன்னும் கொஞ்சம் வாடியிருக்கும். மூன்றாவது தடவை நான் வாசலில் நின்றபடியே தரகரிடம் கேட்டேன், விலையை எல்லாரும் கேட்க வாயால் சொல்லக்கூடாதா என்று.

அவர் சிரித்தார். "தங்கச்சி, வெலைய வாயால சொன்னா மாட்டுக்குச் சீக்கு வரும். நெலமும் அப்படித்தான். அந்தக் கம்பத்து ஆளும் எங்கிட்ட வெரலப் புடிச்சித்தான் சொன்னது. வாய் பொய் சொல்லும், வெரலு சொல்லுமா?"

"நெலம் என்ன புல்லாண்ணே திங்குது, சீக்கு வர?" என்றேன்.

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தரகர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் முடிக்காவிட்டால் தவுக்கேக்குப் போய்விடும் என்று சொல்லிப் போனார்.

 லயத்துக்கு வந்ததும் இவர் சொன்னார். "விட்டுரு புள்ள. நமக்குக் குடுத்து வைக்கல. கப்பலேறிப் போயிரலாம்."

அவர் வாயால் கப்பல் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க போறதுன்னா போங்க. நான் வரல," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. அதற்காக இப்போதும் வருத்தப்படவில்லை.

மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நல்ல மழை. பெரட்டிலிருந்து எல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நான் கம்பத்துக்கு நடந்தேன். செம்மண் ரோட்டில் கால் வழுக்கியது. எனக்குத் தெரிந்த மலாய் கடைச்சாமான் வாங்குகிற மலாய்தான். கிணற்றையும் அத்தாப்புக் குடிசையையும் சொல்லி, அந்த நிலத்து ஆள் வீடு எது என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒரு காலுயர்ந்த பலகை வீட்டைக் காட்டினார்கள். அதன் அடியில், மழை படாத இடத்தில், ஒரு மலாய்க்கார அம்மாள் உட்கார்ந்து தாழை ஓலையில் பாய் பின்னிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் எங்கே என்றேன். செத்து மூன்று வருஷம் ஆகிறது, நிலம் தன் பேரில்தான் இருக்கிறது என்றாள்.

அப்படியானால் தரகர் யார் விரலைப் பிடித்தார்? என் முந்தானையை எடுத்து என் கைமேல் போட்டுக் காட்டி, தரகர் இப்படி உன் விரலைப் பிடித்து விலை பேசினாரா என்று கேட்டேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஓலையைக் கீழே போட்டுவிட்டாள். வேற்று ஆண்பிள்ளை கையில் நான் கை கொடுப்பேனா, என்னை யார் என்று நினைத்தாய் என்று சண்டைக்கு வந்தாள். பிறகு அந்தத் துண்டு வித்தையை நினைத்தாளோ என்னவோ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் கேட்டது ஆரம்பத்திலிருந்தே இருநூற்று எண்பதுதான். மூவாரில் இருக்கிற மகளோடு போய் இருக்கவேண்டும், அதற்காக விற்கிறாள். பெங்குலு, அதாவது கம்பத்துத் தலைவர், பக்கத்தில் இருக்கும்போதுதான் தரகரிடம் வாய்விட்டுச் சொன்னாளாம். அந்தத் தமிழ் ஆட்கள் பின்வாங்குகிறார்கள், இருநூற்று ஐம்பதுக்கு இறங்கு என்று அந்த ஆள் அவளை நெருக்கிக்கொண்டிருந்தானாம். இந்தப் பக்கம் ஏற்றுவது, அந்தப் பக்கம் இறக்குவது.

அங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். கோபத்தில், எங்களிடம் நானூறு கேட்டான் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அவள் முகம் மாறியது. ஓலையை எடுத்து இரண்டு வரிசை பின்னினாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நானூறு கேட்கிற அளவுக்கு நிலம் போகுமானால் இருநூற்று எண்பதுக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்று அவள் யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் இடத்தில் நானிருந்தாலும் யோசித்திருப்பேன். மழை விடும்வரை அவள் பின்னினாள், நான் ஓலை எடுத்துக் கொடுத்தேன். நான் விட்ட வார்த்தையை நான்தான் அனுபவிக்கவேண்டும்.

கடைசியில், "தீகா ராத்துஸ்," என்றாள். முந்நூறு.

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை பெங்குலுவையும் கூட்டிக்கொண்டு காப்பிக் கடைக்கு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். விரல் பேசத்தான் என்றேன். வருகிறேன் என்றாள்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்கப் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவதும் மரம் வெட்டுவதுமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளுத்த வேட்டி கட்டினார்.

காப்பிக் கடையில் தரகர் வழக்கம்போலத் துண்டை விரித்து, "குடுங்க மாப்ளே கைய," என்றார். இவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் உள்ளே போனேன். கடைக்காரச் சீனன் குவளையைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டான். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னைக்குப் பேசறது நானு. துண்ட இங்க போடுங்க."

"என்ன தங்கச்சி இது. ஆம்பளைங்க இருக்கிற எடத்துல."

"ஆம்பள வெரலுன்னாதான் சங்கடம். ஒங்களோட நான் ஏன் புடிக்கப் போறேன்? நெலத்துக்காரங்க வந்திருக்காங்க. அவங்களோட புடிச்சிக்கிறேன்."

வாசலில் பெங்குலுவோடு அந்த அம்மாள் நின்றிருந்தாள். உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். தரகர் கையிலிருந்த துண்டை நானே எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டேன். பாய் பின்னிக் காய்த்துப்போன விரல்கள் அவளுக்கு. பால்வெட்டிக் காய்த்துப்போனது எனக்கு. மூன்று விரலைப் பிடித்து அழுத்தினாள். நான் துண்டை எடுத்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, முந்நூறு வெள்ளி என்று தமிழிலும் சொன்னேன், மலாயிலும் சொன்னேன். பெங்குலு தலையை ஆட்டினார்.

யாரோ பின்னாலிருந்து, "அண்ணே, இந்த ஆயி ஒங்க தொழில எடுத்துக்கிச்சு," என்றான். ஒருத்தரும் சிரிக்காமல் இல்லை.

தரகர் எழுந்தார். முகம் கறுத்திருந்தது, ஆனால் ஆள் விடவில்லை. "நெலத்தக் காட்டுனது நானு. என் தரகு எங்க?"

"அச்சாரம் அஞ்சு வெள்ளி ஒங்ககிட்டதான இருக்கு, அண்ணே. அதான் தரகு. காட்டுனதுக்கு அது. ஏத்துனதுக்கும் எறக்குனதுக்கும் ஒண்ணும் இல்ல."

"துண்டக் குடு," என்றார். கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ரயிலில் ஜொகூர் பாருவுக்குப் போய் நில ஆபீசில் எழுதினோம். எல்லாரும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். இவர், "அது பேருக்கே எழுதுங்க," என்று என்னைக் காட்டினார்.   எழுத்து வேலை பார்க்கிற கிராணி மைப்பெட்டியை என் பக்கம் தள்ளி, கட்டைவிரலை வை என்றார். நான் பேனாவைக் கேட்டேன். என் பேரை எழுத எனக்கு வெகுநேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தேன்.

லயத்தில் கேலி பேசினார்கள். மழையில் நடந்து, காப்பிக் கடையில் கூத்துக் காட்டி, கடைசியில் தரகன் முதலில் சொன்ன அதே முந்நூறைத்தான் கொடுத்தாளாம் என்று. ஆமாம், அதே முந்நூறுதான். முழுக்க அந்த அம்மாள் கைக்குப் போனது. மூவாருக்கு மாட்டுவண்டி ஏறும்போது அவள் எனக்கு ஒரு பாய் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சில வருஷத்தில் ரப்பர் விழுந்தது. எப்படி விழுந்தது என்றால், பாலை வெட்டுகிற கூலிக்குக்கூட வெட்டின பால் காணாது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். லயம் லயமாகக் காலியானது. பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக எங்கள் ரோட்டில்தான் ஆட்கள் ரயிலுக்கு நடந்து போனார்கள், அங்கிருந்து கப்பலுக்கு. நாங்கள் மரத்தில் பால் வெட்டாமல் விட்டுவிட்டு இடையில் மரவள்ளி போட்டோம். இவர் தன் வேகத்துக்கு நாலு கிழங்கு பிடுங்குவார், உட்காருவார், மறுபடியும் பிடுங்குவார். யாருக்கும் பேர் கொடுக்க வேண்டியதில்லை.

ஒருநாள் பகலில் அந்தக் கங்காணியே வந்தார். தலையில் பெட்டி. அவரையும் நிறுத்திவிட்டார்கள். கிணற்றடியில் பெட்டியை இறக்கிவைத்துத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"முந்நூறு குடுத்தியே இதுக்கு. இப்ப வித்தா அறுவதுக்கு எவன் கேப்பான்?"

"விக்கிறவளுக்குத்தானண்ணே வெல. நான் விக்கல."

அவர் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போனார். இரண்டு அவித்த கிழங்கை இலையில் கட்டி அதன்மேல் வைத்தேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ரோடு வரைக்கும் போய் வழி காட்டிவிட்டு வந்தேன்.