மூன்றாம் லயத்தின் கடைசி முனை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஸில்மியா இப்போது யாரோடும் வாதாடுவதில்லை. அவள் கண்டதை அவளோடு இருந்து கண்ட இன்னொருவர் இருக்கிறார். அவருக்கும் வாதாடத் தெம்பில்லை.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிற்சாலையின் மாடி அறையில் ஒரு மெஷினை வைத்து, எஞ்சினியரான ஸில்மியா தோட்டத்து மின்சாரம் முழுவதையும் அதற்குள் நகலெடுத்திருந்தாள். வெளியே ஒரு நொடி ஓடினால் உள்ளேயும் ஒரு நொடிதான். ஆனாலும் அது வெறும் நகல். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் அதற்கும் இடையே ஒரு வயர்கூட இல்லை. மெஷினில் மாட்டியிருந்த ரிலே மட்டும் நிஜம், தோட்டத்தில் இருப்பதைப் போன்றதே. கசிவு கண்டால் கரண்டை வெட்டுவது அதன் வேலை.

மழை பெய்தால் லயத்துச் சுவர்களில் கரண்டு கசியும். ரிலே வெட்டும். தொழிற்சாலை நிற்கும், கொழுந்து கெடும். சின்னக் கசிவுகளை ரிலே கண்டுகொள்ளக் கூடாது என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கட்டளை. ஸில்மியா சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

"செவத்தத் திருத்துனா செலவு மிஸ்," என்றார் தோட்டத்து எலெக்ட்ரீஷியன் நல்லையா. "ரிலேயோட கண்ணக் கட்டுனா தொரைக்குச் சும்மா."

பிற்பகல் இரண்டே முக்கால். ரிலேக்குத் துரை கேட்ட புதிய அளவை வைத்தாள்.

மூன்றாம் லயத்தின் கடைசி முனையில் சின்னதாய் ஒரு கசிவு. அவள் போட்டதல்ல. அழித்தாள்.

மறுபடி வந்தது.

திரையில் கோடு ஏறியது... இறங்கியது... ஏறியது. படித்த மனம் காரணம் தேடியது.

"மிஸ்... இது மோட்டர் இழுக்கிற இழுப்பு இல்ல. கரண்டு புடிச்ச ஆளு," என்றார் நல்லையா.

"வெளிய வயரே இல்லியே அண்ணே!"

"வெட்டுங்க மிஸ்!"

ரிலே வெட்டவில்லை. பழைய அளவுக்குத் திருப்பினாள்.

டக்.

கரண்டு பூச்சியம்.

கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது...

பிறகு நின்றது.

ஓடினார்கள். கடைசி முனையில் வெறும் சுவர், மழை. கடைசிக் காம்பராவின் ஒற்றை அறை வாசலில், அங்கே குடியிருக்கும் விஜயகலா நின்று சிரித்தாள்.

"என்ன மிஸ், நனைஞ்ச கோழியாட்டம் ஓடியாறீங்க? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

ஸில்மியா கையெழுத்துப் போடவில்லை. "மெஷினுக்கும் பேய் புடிக்குமா மிஸ்?" என்று துரை கேட்டார். அந்த வாரமே மெஷினைக் கழற்றி, ஸில்மியாவையும் அனுப்பிவிட்டார்கள். வேறொருவர் வந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பெருமழையில் விஜயகலா செத்தாள். கூரைத் தகரத்தில் கசிந்த கரண்டு, அதில் கட்டியிருந்த துணிக்கொடிக் கம்பியில் இறங்கியிருந்தது. ரிலே வெட்டவில்லை. தொழிற்சாலை ஒரு நிமிடமும் நிற்கவில்லை. துரை மாரடைப்பு என்றார்.

சாவு வீட்டுக்கு ஸில்மியா போனாள். தான் கையெழுத்துப் போடாததே பெரிய காரியம், தன் கை சுத்தம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

"அந்தக் கொடி அன்னைக்கு இருந்திச்சா அண்ணே? நம்ம கண்ணுல படலியே."

நல்லையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு இல்ல மிஸ். நீங்க போன மறுநாள் கட்டுனா. மெஷினக் கழட்டுனவங்க வீசிட்டுப் போன கம்பி... நல்ல செப்புக் கம்பின்னு சந்தோசமா எடுத்துட்டுப் போனா."