கத்த மறுத்த கஸ்தூரி

பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றுகொண்டிருந்தபோது காதர் பாய் போன் செய்தார். எங்கள் குழுவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற வண்ணாரப்பேட்டைக்காரர். எப்போதும் சண்டைக்கு வருவதுபோலப் பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார். "மாமு, கஸ்தூரி போய்டுச்சு. காலைல நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. ஒண்ணும் பண்ண முடில." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சாகிற வயசா அது?

வியாசர்பாடியில் அவள் வீட்டு வாசலில் யாரோ ஒருவர், "பாவம், மேடை மேடையா கத்திக் கத்தியே ஒடம்பக் கெடுத்துக்கினா" என்றார். சாவு வீடு என்றும் பார்க்காமல் அவர்மேல் பாய்ந்துவிட்டேன். "அவ கத்தி நீ கேட்டியா?" அவளைத் தெரியாத உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். கஸ்தூரி ஒரு நாளும் கத்தவில்லை. கத்தமாட்டேன் என்றுதான் எங்கள் எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள்.

எங்கள் இன்னிசைக் குழுவில் அவள் பாட்டு, நான் டோலக். பகலில் தண்டையார்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் தைத்தாள். கனமான, தாழ்ந்த குரல் அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் உடம்பு சிலிர்க்கும். மேடையில் சாதா மைக்கைப் பிடித்தால் டிரம்ஸும் டோலக்கும் சேர்ந்து அந்தக் குரலை விழுங்கிவிடும். திருவொற்றியூரில் ஓர் ஆடித் திருவிழாவில் கமிட்டிக்காரர் மேடையோரம் வந்து, "இன்னாம்மா, சாப்பிடலியா? ஏத்திப் பாடு!" என்றார். பாட்டை முடித்துவிட்டு, "சாப்ட்டுதான் கீறேன். நீதான் காத வூட்ல வெச்சுட்டு வந்துகீறே" என்றாள். கூட்டம் சிரித்தது. எங்கள் குழுத் தலைவர் தேவராஜ் சிரிக்கவில்லை. அடுத்த மேடையிலும் இப்படித்தான் என்றால் வேறு பெண்ணை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவள் குரலை மாற்றவில்லை. மைக்கை மாற்றக் கிளம்பினாள். மெல்லிய குரலையும் அள்ளிக்கொள்கிற, கையில் பிடித்துப் பாடுகிற கன்டென்சர் மைக் வேண்டும் என்றாள். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அது ஸ்டுடியோ சாமானும்மா. ரோட்டு மேடைல ஊளை வுடும். சவுண்டு மிக்ஸர்லேர்ந்து அதுக்குக் கரண்டு வேற போவணும். பேஜாரு புடிச்ச வேல."

"ஒன் மிக்ஸர்ல அந்தக் கரண்டு அனுப்புற ஸ்விட்சு கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றாள். இருந்தது. பாய் அதை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

மைக், ஸ்பீக்கர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு என்னை டோலக்கோடு இழுத்துப் போனாள். நம் பக்கத்தில் மைக் வாங்குகிறவர்கள் அதன் தலையில் தட்டுவார்கள், உஃப் என்று ஊதுவார்கள், "ஹலோ, ஹலோ" என்பார்கள். அவ்வளவுதான் சோதனை. கடைக்காரரும் தட்டப் போனார். அவள் பிடுங்கிக்கொண்டாள். "நா இன்னா, தட்றதுக்கா வாங்குறேன்?" என்னைப் பின்னால் உட்காரவைத்து அடிக்கச் சொல்லிவிட்டு, மேடையில் பாடுகிற அதே குரலில் பாடினாள். முதல் மைக்கில் டோலக்தான் பாடியது. இன்னொன்றில் 'ச' வருகிற இடமெல்லாம் தாளித்தாற்போலச் சீறியது. அதற்கடுத்ததில் அவள் அடிக்குரல் மூச்சோடு சேர்ந்து அப்படியே வந்தது. ஆனால் டோலக்கும் கூடவே வந்தது. என்னை இடம் மாற்றி மாற்றி உட்காரச் சொன்னாள். அவளுக்கு எதிரே, சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து அடித்தபோது டோலக் அடங்கிவிட்டது. மைக்கின் வால் பக்கத்துச் சத்தம் அதற்குள் போகவில்லை. "இதான். இத்த குடுங்க" என்றாள். பிறகு என்னிடம், "இனிமே நீ என் முதுகுக்குப் பின்னாடி கெடையாதுப்பா" என்றாள்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. பாடுகிறவர் முன்னே, தாளக்காரர் நடுநாயகமாகப் பின்னே என்பது எங்கள் மேடைகளின் வழக்கம். "டோலக்க ஓரங்கட்றியா?" என்று தேவராஜ் குதித்தார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அவள் அசரவில்லை. "என் மூஞ்சப் பாத்து வாசிக்கட்டும். முதுகப் பாத்தா இன்னா தெரியுது?"

எண்ணூர் மேடையில் அப்படியே உட்கார்ந்தேன். அறிவிப்பாளர் ஸ்டைலாக மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பேசினார். அப்படிப் பொத்தினால் சுற்றியிருக்கிற சத்தமெல்லாம் மைக்குக்குள் புகுந்துகொள்ளும். ஸ்பீக்கர் ஊளையிட்டது. "மைக்க மாத்துங்கப்பா!" என்று கமிட்டி கத்த, பாய் சாதா மைக்கோடு ஓடிவந்தார். தேவராஜ் என்னை முறைத்தார். கஸ்தூரி அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கை வாங்கி அடிப்பக்கம் பிடித்தாள். ஊளை நின்றது. "மாத்தமாட்டேன்" என்றாள். வீட்டில் பேசுகிற குரல்தான். கடைசி வரிசை வரை கேட்டது.

கடலுக்குப் போன புருஷனை நினைத்துப் பாடுகிற பாட்டு. அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த இடங்களில் கையை அடக்கினேன். வீட்டுக்குக் கிளம்பிய பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்று கேட்டார்கள். அதன் பிறகு தேவராஜ் வேறு பெண் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

செத்துவிட்டாள் என்பதற்காக அவளைத் தெய்வமாக்கமாட்டேன். வாய்த் துடுக்கு. அந்த மைக்கை வேறு ஆள் தொட்டால், "எச்சி பண்ணாதே, கலீஜு" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாள். அவளோடு நான் பேசாமல் இருந்த நாட்கள் நிறைய. இனிமேல் சண்டை போட அவள் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

போன வாரம் டோல்கேட் பக்கம் ஒரு மேடை. அவள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் பயந்து பயந்து பாடினாள். விழாக்காரர் ஒருவர் மேடைமேல் ஏறி வந்து, "சவுண்டு பத்தல, தொண்டையத் தொறம்மா" என்றார். அந்தப் பெண் கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்தாள். நான் டோலக்கை நிறுத்தினேன். என்னைப் பார்த்து டிரம்ஸ்காரரும் நிறுத்தினார். பாடுகிறவளைக் கத்தவிடாத இந்தப் பிடிவாதம் ஒன்றுதான் கஸ்தூரியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது. இதை எவருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

"அவ தொண்ட அவ்ளோதான்" என்றேன். "நாங்க எங்க சத்தத்தக் கொறைக்கிறோம். நீ போய்க் குந்து, நைனா."