மாவுப்பசை போட்ட இரண்டு பக்கங்கள்

டிரினிடாட் தீவில் போர்ட் ஒஃப் ஸ்பெயின் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே எந்தத் தெருவில் நல்ல ரொட்டி கிடைக்கும், கடலுக்குப் போகிற பஸ்ஸை எங்கே நின்று பிடிக்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். நான் அங்கே போனவள் இல்லை. மாத்தளையிலிருந்து தலவில தேவாலயத் திருநாளுக்கு ஒரு முறை போய்க் கடலைப் பார்த்ததோடு என் பயணங்கள் முடிந்துவிட்டன. அந்த நகரம் எனக்கு ஒரு சிறிய ஆங்கிலப் புத்தகத்தின் வழியாகத்தான் தெரியும். அந்தப் புத்தகத்துக்கு நான் செய்த காரியத்தை ஒருத்தரைத் தவிர இவ்வளவு காலமும் யாருக்கும் சொன்னதில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து எட்டு, ஒன்பது வருஷம் இருக்கும். நான் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்று, வீட்டில் அம்மாவோடு இருந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் யாராவது வாசலுக்கு வந்தால் உள்ளே ஓடிவிடுவேன். பெண்கள் வந்தாலும் அளவெடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற வியாபாரி, அவருடைய மனைவி மக்கள், அவருடைய தங்கை. அந்தத் தங்கைதான் எனக்கு ஒரே சிநேகிதி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அண்ணனை அவர் காக்கா என்பார். எங்களுக்கும் அவர் காக்காதான், ஆனால் அவரோடு நான் பேசியதில்லை.

ராத்தாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஓதப்பள்ளியில் அரபு எழுத்துப் படித்தவர். அந்த எழுத்திலேயே தமிழை எழுதுவார், வாசிப்பார். அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். எனக்குச் சட்டை அளவு கொடுத்தனுப்பும்போதுகூட ஒரு துண்டில் வலமிருந்து இடமாக எழுதி அனுப்புவார். எனக்கு அது விளங்காது. பிறகு அவரே வேலிக்கு வந்து வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டுச் சிரிப்பார்.

அவருடைய கணவர் கப்பலில் சமையல்காரர். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் கப்பலேறினார். முதல் வருஷம் துறைமுகத்துக்குத் துறைமுகம் கடிதம் வந்தது. அதையெல்லாம் காக்கா ஹாலில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். பிறகு கடிதம் நின்றது. இரண்டு வருஷம் ஒரு வரியும் இல்லை.

காக்கா மோசமானவர் இல்லை. தங்கை இப்படியே கிடந்து வயதாகிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. முஸ்லிம் கல்யாண வழக்குகளைப் பார்க்கிற காதியாரிடம் சொல்லிக் கல்யாணத்தைப் பிரித்துவிட்டு, யட்டவத்தையில் மனைவியை இழந்த ஒரு கடைக்காரருக்குக் கட்டிக்கொடுக்க நினைத்திருந்தார். ராத்தா சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் கணவர் பெயர் போட்டு, விலாசம் இல்லாமல் ஒரு பார்சல் வந்தது.

காக்கா கடையில் வைத்தே பார்சலைப் பிரித்திருக்கிறார். உள்ளே, அட்டையில் கடலும் தென்னைமரமும் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று. கவிழ்த்து உதறினார், கடிதம் எதுவும் விழவில்லை. "கடலும் தென்னமரமும் அனுப்பியிருக்காரு ஒன்ட மாப்பிள்ள. சோத்துல ஊத்தித் தின்னு" என்று தங்கையின் கையில் கொடுத்தார். ராத்தா அதைத் திறந்தும் பார்க்காமல் நேரே வேலிக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஒங்களுக்கு இங்கிலிஷ் வருந்தானே. இதுல அவரப் பத்தி ஏதாச்சும் ஈக்குதா பாத்துச் செல்லுங்க. முழுசா வாசிச்சு முடியிற வரைக்கும் பொறுங்கன்னு காக்காக்கிட்ட செல்லியிருக்கேன்."

என் ஆங்கிலம் அவர் நினைத்த அளவுக்குப் பெரிதில்லை. அகராதியை வைத்துக்கொண்டு முதலில் நானே வாசித்துப் பார்த்தால்தான் மற்றவருக்குச் சொல்ல முடியும். அதனால் புத்தகத்தை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். கப்பலில் வருகிற வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்கான வழிகாட்டி அது. என்ன சாப்பிடலாம், எங்கே குளிக்கலாம், இரவில் எங்கே போகலாம் என்று மூன்று பாகம்.

அன்று மாலையே மூன்றாம் பாகத்தைத் திறந்தேன். இரண்டே பக்கம். இடப்பக்கம் ஒரு பெரிய படம், அடியில் பொடி எழுத்தில் ஏதோ. ஹோட்டல் முற்றம், மேளக்காரர்கள், கையில் கிளாசோடு மனிதர்கள், நடுவே தலையில் இறகு செருகித் தொடை தெரிய ஆடுகிற பெண்கள். காதெல்லாம் சுட்டது. சட்டென்று மூடினேன். சுவரில் மாதா படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.

இதை ராத்தாவிடம் எப்படி வாசிப்பது? இந்தப் பெண்களைப் பார்த்தால் அவர் மனசு என்ன பாடுபடும்? என் வாயால் அந்தச் சொற்களை எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால், இந்தக் கடைசிக் கேள்விதான் முதலில் வந்தது. தையல் காகிதம் ஒட்டுவதற்குக் காய்ச்சிய கோதுமை மாப்பசை கிண்ணத்தில் இருந்தது. படம் கண்ணில் படாதபடி புத்தகத்தை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் திறந்து, மூன்று ஓரமும் பசை தடவி, அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். காலையில் இரண்டு தாளும் ஒரே தாளாகிவிட்டன.

அதன் பிறகு ஒன்றரை மாதம், வாரத்தில் மூன்று நாள், பகல் சாப்பாடு முடிந்ததும் வேலியோரத்தில் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியது அப்போதுதான்.

"ஈரப்பலாவ நெருப்புல சுட்டுத் தின்பாங்களாம் ராத்தா."

"அங்கயும் ஈரப்பலாவா?"

"மரவள்ளியும் இருக்கு. சேம்பு இலையத் தேங்காப்பால்ல கடையிறாங்க. சாதிக்காயைத் தூளாக்கிப் பாலுக்குப் போடுவாங்களாம். மலையெல்லாம் கொக்கோ."

ராத்தா என்னையே பார்த்தார். "அப்ப எதுக்கு அந்த மனுசன் அவ்வளவு தூரம் போனாரு? இங்க பக்கத்துல அலுவிகாரையில எறங்கி நின்னிருந்தாலே எல்லாம் ஈந்திருக்குமே!"

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். இன்னொரு நாள், அந்த ஊரில் நம்மைப் போன்ற ஆட்கள் இருக்கிறார்கள், முன்னொரு காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனவர்களின் பிள்ளைகள், ரொட்டிக்குள் கறி வைத்து விற்கிறார்கள் என்று வாசித்தேன். ராத்தா புத்தகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்படிப் போனவங்க திரும்பி வந்தாங்களான்னு எழுதியிருக்கா?" என்றார். அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

கடற்கரைப் பாகம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நகரத்துக்குப் பக்கத்தில் நல்ல கடற்கரை இல்லை. வடக்கே மலையேறி இறங்க வேண்டும். எத்தனை வளைவு, எங்கே குளிர்காற்று அடிக்கும், மணலில் எந்த இடத்தில் இறங்கினால் கடல் உள்ளே இழுக்கும் என்றெல்லாம் அதில் இருந்தது. ராத்தா கடலையே பார்த்ததில்லை. தலவிலயில் நான் பார்த்த கடலையும் சேர்த்துச் சொன்னேன். ஐந்தாறு தரம் வாசிக்கச் சொல்லி, கடைசியில் பாடமாக்கிவிட்டார். "நாளைக்கு அவர் அங்க ஈக்கிறாருன்னு தெரிஞ்சா நான் தனியா பஸ் ஏறிப் பெய்த்து எறங்குவேன்" என்றார்.

அதற்குப் பிறகு வாசிக்க மிச்சம் இருக்கவில்லை.

"இனி என்னா ஈக்குது?"

"பேங்க், தபால் கந்தோர் திறக்கிற நேரம். அவ்வளவுதான்" என்றேன்.

ராத்தா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எனக்குன்னு ஒரு சொல்லும் இல்ல. சும்மா கையில கெடச்சத அனுப்பியிருக்காரு. சரி தங்கச்சி. காக்காக்கிட்ட சரின்னு செல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை காதியார் வீட்டுக்குப் போகணுமாம். புத்தகத்த நாளைக்குத் தாங்க."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே அதுவரை எனக்கு வரவில்லை. ஒட்டிய பக்கங்களோடு எப்படிக் கொடுப்பது? கையில் எடுத்தால் தடிப்புத் தெரியுமே. அடியோடு நறுக்கி எடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். கீழ் ஓரத்தில் ஒரு மூலையில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. கத்தரியின் நுனியை விட்டதும் இரண்டு தாளும் பை வாய் திறக்கிற மாதிரி விரிந்தன. உள்ளே, வலப்பக்கத்தில் அச்சு முடிந்த வெற்றிடத்தில், பென்சிலால் எழுதியிருந்தது. நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு வரி. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் சட்டை அளவுத் துண்டுகளில் மூன்று வருஷமாக நான் பார்த்துவந்த அதே எழுத்து.

கத்தரி கையிலேயே இருந்தது. இரண்டு தாளையும் எடுத்து அடுப்பில் போட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வரவில்லை என்று எழுதினால் பொய். பிறகு தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து, தைத்த இடத்தைப் பிரிப்பதுபோல் மூன்று ஓரத்தையும் பிரித்தேன். வேலியில் கதவு இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைத் தாண்டினேன். பாவாடை கம்பியில் மாட்டிக் கிழிந்தது.

ராத்தா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். முதலில் படத்தைத்தான் பார்த்தார். "என்னா இது?" என்றார். நான் மறுபக்கத்தில் விரலை வைத்தேன்.

கையைத் துடைத்துவிட்டு மெதுவாக வாய்விட்டு வாசித்தார். அதனால் அது எனக்கும் தெரியும்.

"படத்தில் இருக்கிற ஹோட்டலில்தான் நான் இருக்கிறேன். ஆடுகிறது முன்பக்கம், நான் பின்பக்கம் குசினியில். சுகமில்லையென்று கப்பலிலிருந்து இங்கே இறக்கிவிட்டார்கள். இந்தக் குசினியில் ஹராமான பன்றியிறைச்சியும் வேகிறது. நான் வாயில் வைக்கவில்லை. ஆனால் என் கையால் சமைக்கிறேன். கடிதத்தில் எழுதினால் காக்கா சபையில் வாசிப்பார். அதனால்தான் எழுதவில்லை. புத்தகமென்றால் படம் பார்க்க நீங்கள் மட்டும்தான் புரட்டுவீர்கள். வரச்சொன்னால் வருகிறேன். வேண்டாமென்றால் அதையும் எழுதுங்கள். விலாசம் படத்துக்குக் கீழே இருக்கிறது."

மூன்று தரம் வாசித்தார். பிறகு தாளின் ஓரத்தைத் தடவினார். காய்ந்த பசை பொடியாக உதிர்ந்தது.

"நீங்களா ஒட்டினீங்க?"

"ஓம் ராத்தா."

"ஏன்?"

"படத்தப் பார்த்து வெக்கமாப் போச்சு."

"ஒன்றரை மாசமா அவர் என்னோட பேசிக்கிட்டு ஈந்திருக்காரு" என்றார். அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கிழிந்த பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

ஞாயிறு வரை அவர் வேலிக்கு வரவில்லை. நானும் பின்பக்கம் போகவில்லை. அம்மா என்ன சண்டை என்று கேட்டார். தலைவலி என்றேன். அவரும் என்னைப் போலவே மூடிவிடுவார் என்று ஏனோ நினைத்தேன். இந்தப் படத்தை எந்தப் பெண்தான் ஆண்கள் முன்னால் விரிப்பாள்?

ஞாயிறு பின்னேரம் வேலியில் குரல் கேட்டது. "தங்கச்சி! எங்க ஒளிச்சிருக்கீங்க? இங்க வாங்க!" ராத்தாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"காதியாருக்கு முன்னால புத்தகத்த விரிச்சு வெச்சேன். காக்கா படத்தப் பாத்துட்டு, 'அஸ்தஃபிருல்லாஹ், மூடு புள்ள'ன்னு கத்துறாரு. நான் மூடல்ல. காதியார் பைக்குள்ள கைவிட்டு லேஞ்சிய எடுத்தாரு. கண்ணத் தொடைக்கவோன்னு பாத்தா, இல்ல. விரிச்சு அந்தப் பொம்பளைங்க மேல போட்டாரு. இறகுலருந்து கால் வரைக்கும் மூடிட்டு, மத்தப் பக்கத்த மட்டும் வாசிச்சாரு."

"என்ன சொன்னாங்க?"

"'ஆம்பள வரவான்னு கேட்டிருக்கான். பதில் எழுதாம எப்படி நான் பிரிக்கிற?'ன்னு காக்காவப் பாத்துக் கேட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பதில் நானே எழுதிட்டேன். மேல விலாசம் மட்டும் இங்கிலிஷ்ல நீங்க எழுதணும். ஒட்டுறதையும் நீங்களே ஒட்டுங்க. ஒங்கட பசை நல்லாப் பிடிக்குது."

அந்த ஒரு குத்தலோடு விட்டுவிட்டார். பிறகு எந்த நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

ராத்தாவின் கணவர் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மெலிந்து, முன்தலை நரைத்து வந்தார். வந்த மூன்றாம் நாள் ராத்தா என்னைக் கூப்பிட்டார். கணவர் ஹாலில் இருந்தார். நான் குசினிக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ராத்தா எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றி விசாரித்தார்.

"கடற்கரைக்குப் போனீங்களா?"

"எங்க போற? ராவெல்லாம் அடுப்பு, பகலெல்லாம் தூக்கம். கடற்கரை இருக்கிற பக்கம் எதுன்னே எனக்குத் தெரியாது."

ராத்தா திரைப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவருக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். பஸ் நிற்கிற இடம், ஏற்றம், குளிர்காற்று அடிக்கிற வளைவு, மரங்களுக்குள்ளே போகிற இருட்டுப் பாதை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மலையுச்சி வந்ததும் ராத்தாவுக்குத் தடுமாறியது. "அங்க எந்தப் பக்கத்து சீட்டுல ஈக்கணும்... என்னமோ ஈந்திச்சே..."

ஆண் ஒருவர் கேட்க நான் அந்த வீட்டில் பேசியதில்லை. இருந்தாலும் இந்தத் தடவை விட்டுவிட மனம் வரவில்லை.

"இடப்பக்கம் இருக்கணும்" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து. "அப்பத்தான் முதல்ல கடல் தெரியும்."