மிதி நிற்காத சைக்கிள்

ஓசூரில் யாராவது என் சைக்கிளைத் தொட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது.

முன்பு கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தேன். ஷிப்ட் முடிந்தாலும் கிளம்ப முடியாது. சூப்பர்வைசர் வந்து, "இந்த லாட்ட மட்டும் செக் பண்ணிக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்பார். அவர் சொன்னால்தான் பஸ் நகரும். பஸ்ஸை நிறுத்தி வைத்தால் இத்தனை பெண்களும் எங்கேயும் போகமுடியாது என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். அந்த எரிச்சலில்தான் சைக்கிள் தேடினேன்.

அத்திப்பள்ளியில் ஒருவர் விற்ற பழைய ஃபிக்ஸட் கியர் சைக்கிள் பிடித்துப்போனது. இரும்புச் சட்டம், விரிசல் விட்டால் எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். இந்தப் புழுதியில் மக்கர் பண்ணுவதற்குக் கியர் கம்பி எதுவும் இல்லை. பின்னால் இருக்கும் பல்சக்கரம் சக்கரத்தோடு இறுகப் பூட்டியிருக்கும். அதனால் சக்கரம் ஓடும்வரை மிதியும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க மிதியை எதிர்த்துக் காலை ஊன்ற வேண்டும். முன்சக்கரத்தில் ஒரு பிரேக் உண்டு என்றாலும், நான் நம்பியது என் காலைத்தான். முதலில் தொடை கழன்று விழுகிற மாதிரி வலித்தது, பிறகு பழகிவிட்டது.

ஆளாளுக்கு "ஸ்கூட்டி எடுக்கலாம்ல?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ்காரர்கள் மெஷின்களோடு எங்கள் வண்டிகளையும் கழுவி, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்துத் தருவார்கள். என் சைக்கிளுக்கும் மாலை போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எல்லோரையும்போல எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கி, கேட்டுவரை தள்ளிக்கொண்டு போய், வெளியே ஏறி உட்கார்ந்தேன்.

கேட்டைத் தாண்டினால் மெயின்ரோடு வரை இறக்கம். லாரி வருவதைப் பார்த்து வழக்கம்போல் காலை ஊன்றினேன். மிதி பின்பக்கமாகச் சுழன்று போனது. சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது! பதறி முன்பிரேக்கைப் பிடித்தால், யாரோ திருஷ்டி கழித்து ரோட்டில் உடைத்த பூசணிக்காயில் சக்கரம் வழுக்கி, நான் ஒருபக்கம், சைக்கிள் ஒருபக்கம். லாரி ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏனம்மா, பிரேக் இல்வா?" என்று கன்னடத்தில் கத்தினார்.

முழங்காலில் ரத்தம் வழிய மெயின்டனன்ஸ் ஷெட்டுக்குத் திரும்பிப் போனேன். பொறுப்பாளர் முகம் வெளுத்தது.

"மிதி நிக்காமச் சுத்திட்டே இருந்துச்சு சிஸ்டர். ரிப்பேருன்னு நெனச்சு, பின்னாடி பல்சக்கரத்தக் கழட்டிட்டு, மத்த சைக்கிள் மாதிரி மிதி நிக்கிற ஃப்ரீவீல் புதுசாப் போட்டம். பாவம், கால ஓயாம மிதிக்கிறீங்களேன்னு..."

"நான் தினமும் ஓட்டுற வண்டிண்ணே. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணும்னே தோணல சிஸ்டர்."

என் உயிர் என் காலில் இருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மாலை சூட்டியிருக்கிறார்கள். பழைய பல்சக்கரத்தைக் கையோடு வாங்கி, அங்கேயே மறுபடி பூட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன்.

லீவு முடிந்து போனால் காலை மீட்டிங்கில் மேனேஜர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: அந்த மாதிரி சைக்கிள் ஆபத்து, இனி உள்ளே விடக்கூடாது, மேடம் பஸ்ஸில் வரட்டும். சைக்கிளைப் பிரித்து மேய்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஷிப்ட் முடிஞ்சதும் பஸ்ஸ எடுப்பீங்களா சார்?" என்று கேட்டேன். மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். பின்வரிசைப் பெண்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கேட்டுக்கு வெளியே டீக்கடைக் கம்பத்தில் பூட்டி வைக்கிறேன். நேற்றும் சூப்பர்வைசர் குறுக்கே வந்து நின்றார்.

"பஸ்ஸே இன்னும் எடுக்கல, எங்க கெளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு சார். ஷிப்ட் முடிஞ்சிருச்சு."