இடது பக்கத்துல சிவப்பு மை

திங்கக்கிழமை. மணி அடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஏழாம் வகுப்புக்குள்ள ஈ காக்கா இல்லை. முப்பத்தாறு பிள்ளைங்களும் வராந்தாவுல வரிசையா நின்னுட்டு இருந்துச்சுங்க. தையல் டீச்சர் திருதிருன்னு முழிச்சா.

"ஏன் நிக்கறீங்க? உள்ள போங்க."

ஒண்ணும் அசையலை.

"காதுல விழலையா?"

வரிசையில முன்னால நின்ன பொண்ணு கையைத் தூக்கினா. அவளை மொத்த ஸ்கூலும் வாயாடின்னுதான் கூப்பிடும், அவளுக்கும் அதுல வருத்தம் கிடையாது. "டீச்சர், நீங்க முதல்ல கதவுகிட்ட நிக்கணும். நோட்டு இருக்கா, பென்சில் சீவியிருக்கான்னு பாக்கணும். அப்புறம் 'வா'ன்னு சொல்லணும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா."

"முப்பத்தாறு 'வா'வா?"

"ஆமா டீச்சர். பாறை டீச்சர் அப்படித்தான்."

புவி அறிவியல் எடுக்கற பாறை டீச்சர் போன வாரம் பிரசவ லீவுல போயிட்டா. போகும்போது தையல் டீச்சர் மேசை மேல ஒரு கவர் வெச்சுட்டுப் போனா. உள்ள ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு கேள்வி, அன்னைக்கு என்ன செய்யணும்னு ரெண்டு வரி, கடைசியில, "கவலைப்படாதீங்க அக்கா, எல்லாம் பிள்ளைங்களுக்கே தெரியும்." இப்படி எழுதி வெச்சுட்டுப் போனா யாருக்குத்தான் கவலை வராது? எந்தக் கேள்விக்கும் பதில் மட்டும் எழுதவே இல்லை புண்ணியவதி.

தையல் டீச்சருக்கு அந்த ஸ்கூல்ல பதினோரு வருஷம். பதினோரு வருஷமும் தற்காலிகம்தான். ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் "அடுத்த வருஷம் உண்டா மேடம்?"னு பெரிய டீச்சர் ரூம் வாசல்ல போய் நிக்கணும். இந்தத் தடவை பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க: "இந்தா பாரும்மா, தையலுக்கு மட்டும்னா மேல நிரந்தரம் பண்ண மாட்டேங்கறாங்க. இன்னொரு பாடமும் எடுக்கறேன்னு காட்டிடு. புவி அறிவியல் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து உக்காந்து பாப்பார். அவர் சரின்னுட்டா உன் பேரை அனுப்பிடறேன்."

அதனாலதான் தையல் டீச்சர் அன்னைக்கு முப்பத்தாறு தடவை 'வா' சொன்னா. கடைசி 'வா' வரும்போது தொண்டை கட்டிப்போச்சு.

உள்ள போனா சுவர்ல ஒரு பெரிய சார்ட். தண்ணி பாட்டில் தரையில. கேள்வி போர்டுல வந்ததும் அஞ்சு நிமிஷம் பேச்சு கூடாது. இடது பக்கத்துல எழுதின பிறகுதான் கல்லைத் தொடணும். கல்லை ட்ரேவுக்கு மேலதான் பிடிக்கணும். போகும்போது எண்ணணும். இப்படிப் பதினாலு. தையல் டீச்சர் ரெண்டு தடவை படிச்சா. ரெண்டாவது தடவை முதல் தடவையை விட மோசமாக் குழம்புச்சு.

போர்டுல கேள்வியை எழுதினா: மணல் எங்கிருந்து வருது? எழுதிட்டு, கையில இருந்த சாக்பீஸ் தூளை ரெண்டு தட்டு தட்டினா. அவ்வளவுதான். முப்பத்தாறும் மூணு தட்டு திருப்பித் தட்டிட்டு, பென்சிலைக் கீழ வெச்சுட்டு, பொம்மை மாதிரி அவளையே பாத்துச்சுங்க.

"என்ன, என்ன ஆச்சு?"

"நீங்கதானே டீச்சர் தட்டினீங்க?" வாயாடி கேட்டா. "ரெண்டு தட்டினா நிறுத்துன்னு அர்த்தம்."

"நான் தூசியைத்தான்டி தட்டினேன்."

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுது. அப்புறம் எல்லாம் தலையைக் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுதுங்க. தையல் டீச்சர் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் பிள்ளைங்களே எந்திரிச்சுப் போய் ட்ரே எடுத்தாங்க, வெள்ளைத்தாள் விரிச்சாங்க, ரெண்டு கல்லை ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சாங்க. தாள் மேல பொடிப்பொடியா மணல் விழுந்துச்சு. அதைப் பாத்து வலது பக்கத்துல என்னமோ எழுதினாங்க. இவ சும்மா நடுவுல நின்னா. கடைசியில ஆறு ட்ரே, ட்ரேவுக்கு நம்பர் போட்ட பன்னிரண்டு கல்லு, எழுபத்திரண்டையும் எண்ணினாங்க. அந்த ஒண்ணுதான் அவளுக்குப் புரிஞ்சுது. அவளும் தையல் வகுப்பு முடிஞ்சா ஊசியை எண்ணாம ஒருத்தரையும் வெளிய விட மாட்டா.

நிரந்தரம் ஆகணும்னா சும்மா நின்னா போதுமா? அதனால, "நோட்டையெல்லாம் குடுங்க, திருத்தித் தரேன்"னா.

பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துச்சுங்க. "வீட்டுக்கா டீச்சர்?"

"பின்ன, இங்கயே பாய் விரிச்சு உக்காந்து திருத்தவா?"

சாயந்திரம் அடுப்புல குக்கர் ஒரு பக்கம் கத்த, டீச்சர் நோட்டைப் பிரிச்சா. பிரிச்சவளுக்குத் தலை சுத்துச்சு. இடது பக்கம் முழுக்க அபத்தம். மணல் லாரியில இருந்து வருது. கடல் வாந்தி எடுக்குது, அதுதான் மணல். ஒரு பையன், எறும்பு கல்லைக் கடிச்சுத் துப்புறதுதான் மணல்னு படம் வேற போட்டிருந்தான், எறும்புக்குப் பல்லோட. வாயாடி மட்டும் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தா: மலைக்கு வயசானா பொடுகு வரும், அதுதான் மணல்.

பஸ் கண்டக்டர் வேலை முடிஞ்சு வந்த வீட்டுக்காரர் எட்டிப் பாத்தார். "எறும்புக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க போய் முகம் கழுவுங்க. இதுங்க ஒண்ணுக்கும் ஒரு மண்ணும் தெரியலை."

"மண்ணுதானே பாடம்? தெரிஞ்சா ஏன் ஸ்கூலுக்கு வருதுங்க?"

"சும்மா இருங்க, பேச வந்துட்டீங்க!"

தப்பான தையலைப் பாத்தா பிரிக்காம விட மாட்டா அவ. ஒரு பொத்தான் கோணலா இருந்தா அறுத்துட்டுத் திரும்பத் தைக்க வைக்கிறவ. சிவப்பு பேனாவை எடுத்தா. முப்பத்தாறு இடது பக்கத்துலயும் குறுக்க ஒரு கோடு, 'தவறு'ன்னு ஒரு வார்த்தை, கீழ சரியான விடை. பொடுகுக்கு ரெண்டு கோடு.

புதன்கிழமை நோட்டைக் குடுத்தா. வகுப்பு சத்தம் போடலை. வாயாடிகூட வாயைத் திறக்கலை. அவ பக்கத்தைத் திறந்து பாத்தா, மூடினா, பென்சில் நுனியை மட்டும் பாத்துட்டு இருந்தா. அடடா, ஒழுங்கா ஆயிடுச்சுங்களேன்னு தையல் டீச்சருக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்.

அன்னைக்குக் கேள்வி: மலை வளருமா?

அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஒரு பென்சில் நகரலை.

"எழுதுங்களேன்."

எறும்பு போட்ட பையன் எந்திரிச்சான். "சரியான விடையைச் சொல்லிடுங்க டீச்சர். எழுதிக்கிறோம்."

நல்லதுதானே? அவ புஸ்தகத்தைப் பாத்துச் சொன்னா: சில மலைங்க வருஷத்துக்கு நகம் கனத்துக்கு உசரும். முப்பத்தாறு பேரும் இடது பக்கத்துல அப்படியே எழுதினாங்க. ஒரு அடித்தல் இல்லை. வலது பக்கத்துலயும் அதையே எழுதினாங்க. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எல்லாம் முடிஞ்சுபோச்சு. தையல் டீச்சர் நாலு நோட்டைத் தூக்கிட்டு நேரா பெரிய டீச்சர் ரூமுக்குப் போனா.

"பாருங்க மேடம். ஒரு தப்பு கிடையாது."

பெரிய டீச்சர் ஒரு நோட்டைப் பாத்தாங்க. அடுத்ததைப் பாத்தாங்க. முகம் மாறிப்போச்சு. "நாலு பேரும் எப்படிம்மா ஒரே மாதிரி நினைச்சாங்க?"

"நாலு பேர் இல்லை மேடம், முப்பத்தாறு பேரும்!"

பெரிய டீச்சர் ஒரு பக்கத்தைத் திருப்பினாங்க. சிவப்புக் கோடு. கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் தேய்ச்சாங்க. "அதிகாரி வர்றதே இந்த இடது பக்கத்தைப் பாக்கத்தான்மா. போன வருஷம் அதைப் பாத்துட்டு, வேற எங்கயும் இந்தப் பழக்கம் இல்லைன்னு பாராட்டி எழுதிட்டுப் போனார். நீ அதுல போய்க் கோடு போட்டு வெச்சிருக்கியே."

"தப்பா இருந்துச்சு மேடம்…"

"எனக்கும் அதுல முழுசாத் தெரியாது. லீவுல இருக்கறவளைக் கேளு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா உன் பேரை நான் எப்படி அனுப்புறது?"

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவ திறந்தபடியே வெச்சுட்டு, பாறை டீச்சருக்குப் போன் போட்டா. அந்தப் பக்கம் குழந்தை வீல்வீல்னு கத்துச்சு.

"அக்கா, எப்படிப் போகுது?"

"அதை ஏன் கேக்கறே? இடது பக்கத்துல அத்தனையும் தப்பும்மா. சிவப்புல திருத்திட்டேன்."

"இடது பக்கத்துலயா? சிவப்பா? ஐயோ அக்கா!"

"ஏன், நீலத்துல திருத்தியிருக்கணுமா?"

"எந்தக் கலர்லயும் கூடாது! இடது பக்கம் அவங்க நினைக்கறது. வலது பக்கம் பாத்துத் தெரிஞ்சுக்கறது. முன்னாடி நினைச்சது அப்படியே இருக்கணும். அப்பதான் எங்க மாறுச்சுன்னு அவங்களே… தங்கம், இரு இரு, அம்மா வந்துட்டேன்… அக்கா, அப்புறம் பேசறேன்."

போன் கட் ஆச்சு. தப்புன்னு தெரிஞ்சும் அதை அப்படியே விட்டு வெக்கணுமாம். எதுக்கு? காட்சிக்கு வெக்கவா? ஒண்ணும் விளங்கலை.

அடுத்த மணி அவளோட சொந்தத் தையல் வகுப்பு. ஒரு பொண்ணு சட்டைக்குக் கை வெச்சு, பெரிய பெரிய ஓட்டுத் தையலா போட்டுட்டு அழுதுட்டு நின்னா. "கோணிடுச்சு டீச்சர்."

"கோணினா என்ன? இது ஓட்டுத் தையல்தானே? எங்க இழுக்குதுன்னு பாக்கத்தான் இதைப் போடறோம். இதுக்கு யாராவது மார்க் போடுவாங்களா?" சொல்லிட்டு அவளே நின்னா. அட, அந்த இடது பக்கம் இதுதானா? ஒரு நிமிஷம் எல்லாம் வெளிச்சமாத் தெரிஞ்சுது. அடுத்த நிமிஷமே, ஆனா இதை மெஷின்ல அடிச்சதும் உருவிப் போட்டுடுவோமே, அதை உருவவே கூடாதுங்கறாளே? திரும்பவும் அதே குழப்பம். ஆனா ஒண்ணு மட்டும் மனசுல நின்னுச்சு. அழுதுட்டு நின்ன இந்தப் பொண்ணு முகமும், நோட்டை மூடின வாயாடி முகமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை அதிகாரி பின் பெஞ்சுல வந்து உக்காந்தார். ஒல்லியான மனுஷன், பெஞ்சு சின்னது, முழங்கால் ரெண்டும் மேல வந்துடுச்சு. பக்கத்துல பெரிய டீச்சர். தையல் டீச்சர் வாசல்ல நின்னு முப்பத்தாறு 'வா' சொன்னா. கேள்வியை எழுதினா: ஏழாம் நம்பர் கல்லைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?

கை தூளா இருந்துச்சு. ஜாக்கிரதையாப் புடவையில துடைச்சுக்கிட்டா. தட்டலை.

பென்சில் எதுவும் நகரலை. எறும்பு பையன் எந்திரிக்கப் போனான். அவன் வாயைத் திறந்து 'விடையைச் சொல்லிடுங்க'ன்னா கதை முடிஞ்சுது.

அவளுக்கு வேற வழி தெரியலை. போர்டுக்கு நடுவுல மேலிருந்து கீழ ஒரு கோடு போட்டா. இடது பக்கத்துல பெருசா எழுதினா: மூழ்கும். கல்லு வேற என்ன பண்ணும்?

"இது நான் நினைக்கறது. எனக்கு விடை தெரியாது, புஸ்தகத்தையும் பாக்கலை. திங்கக்கிழமை உங்க இடது பக்கத்துல நான் கோடு போட்டது தப்பு. எனக்கு இந்த நோட்டு விஷயமே இன்னும் பாதிதான் புரியுது. நீங்களும் எழுதுங்க. இன்னைக்கு யாரும் கோடு போட மாட்டாங்க."

பெரிய டீச்சர் தலையில கை வெச்சுக்கிட்டாங்க. அதிகாரி என்னமோ எழுதினார்.

வாயாடி ட்ரேவுக்குள்ள குனிஞ்சு பாத்தா. "தொட மாட்டேன் டீச்சர், பாக்கத்தான் பாக்கறேன்." அப்புறம் விறுவிறுன்னு எழுதினா. அவளைப் பாத்து மத்ததுங்களும்.

தண்ணி வாளி வந்துச்சு. "போடு"ன்னா டீச்சர். எறும்பு பையன் ஏழாம் நம்பரைப் போட்டான். கல்லு 'ப்ளக்'னு உள்ள போச்சு. போன வேகத்துல மேல வந்துச்சு. வந்து, வாத்துக்குஞ்சு மாதிரி ஆடிக்கிட்டு நின்னுச்சு.

"அடப்பாவி!" தையல் டீச்சர் வாயில இருந்து அதுதான் வந்துச்சு. வாளிக்குள்ள கையை விட்டு அமுக்கினா. விட்டா, திரும்ப மேல வந்துச்சு. "இது கல்லுதானா? யாராவது தெர்மாகோல்ல பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"கல்லுதான் டீச்சர்! உள்ள பூரா ஓட்டை, ஓட்டைக்குள்ள காத்து!" வாயாடி குதிச்சா. "நான் எழுதியிருந்தேன், பஞ்சு மாதிரி இருக்கு, மிதக்கும்னு!"

எறும்பு பையன் ஓடிப்போய் சார்ட்டுக்குப் பின்னால இருந்த கல்லுப் பட்டியலைப் பாத்தான். "ஏழு, நுரைக்கல்! எரிமலையில இருந்து வருதாம்!"

வாயாடிக்கு உற்சாகம் தாங்கலை. போர்டுகிட்ட போய், மேசையில இருந்த சிவப்பு சாக்பீஸை எடுத்து, டீச்சர் எழுதின 'மூழ்கும்' மேல கொண்டுபோனா. கை அந்தரத்துல நின்னுச்சு. அவ திரும்பி டீச்சரைப் பாத்தா, சாக்பீஸைக் கீழ வெச்சா.

"இடது பக்கம் டீச்சர். திருத்தக்கூடாது." வெள்ளை சாக்பீஸை எடுத்து நீட்டினா. "நீங்க வலது பக்கத்துல எழுதுங்க."

டீச்சர் எழுதினா: மிதக்குது. நம்பவே முடியலை.

வகுப்பு முடிஞ்சு எழுபத்திரண்டு கல்லும் எண்ணியாச்சு. அதிகாரி வாயாடியைக் கூப்பிட்டார். "உங்க டீச்சருக்கு விடை தெரியலையேம்மா?"

"தெரியாதுதான் சார். அதைத்தான் போர்டுலயே எழுதிட்டாங்களே."

அவர் சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, சிரிக்காத மாதிரியும் இருந்துச்சு. நோட்டை மூடிட்டுப் போயிட்டார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தையல் டீச்சர் வீட்டுல எரிஞ்சு விழுந்துட்டே இருந்தா.

திங்கக்கிழமை பெரிய டீச்சர் கூப்பிட்டாங்க. கையில ஒரு தாள். "படிக்கறேன், கேளு. 'ஆசிரியருக்குப் பாடம் தெரியவில்லை. வகுப்பு நடத்தத் தெரிகிறது. நிரந்தரம் செய்யலாம்.' உன் பேரை அனுப்பியாச்சு. எட்டாம் வகுப்பையும் உன்கிட்டயே குடுக்கச் சொல்லியிருக்கார்."

"இது திட்டா மேடம், பாராட்டா?"

"எனக்கும் புரியலைம்மா. கையெழுத்துப் போடு."

போட்டா. போட்டுட்டு வெளிய வந்தா, ஏழாம் வகுப்பு வாசல்ல முப்பத்தாறும் வரிசையா நின்னுட்டு இருந்துச்சு. அவ தொண்டையைச் செருமிக்கிட்டா.

"வா."